லினக்ஸ் கட்டளை வரியில் மென்பொருள் நீக்கம்: பதிவேடு அறிந்ததும் அறியாததும்

கோவை, ஈரோடு, சேலம் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளின் கணினிக் கூடங்களில் லினக்ஸ் வகுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே மென்பொருளை நிறுவும் கட்டளை மாணவர் கைக்கு வந்துவிடுகிறது. நீக்கும் கட்டளையோ, ‘இன்ஸ்டால் என்ற இடத்தில் ரிமூவ் என்று போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற ஒற்றை வரியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டவர், நிறுவும்போது நடந்ததெல்லாம் நீக்கும்போது தலைகீழாக நடந்து, கணினி பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்று எண்ணிக்கொள்கிறார். அப்படி நடப்பதில்லை, நடக்கக் கூடாது என்றே இந்தக் கருவிகளை வடிவமைத்தவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். கணினியில் என்னென்ன நிறுவப்பட்டுள்ளன என்பதற்கு ஒரு பதிவேடு இருக்கிறது. நீக்கும் கட்டளை அந்தப் பதிவேட்டுக்குத் தெரிந்ததை மட்டுமே தொடும். தெரிந்தவற்றிலும் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவைக்கும். இந்தக் கட்டளைகளைச் சுற்றி எழும் குழப்பங்களில் பெரும்பகுதி, எதைத் தொடும், எதை விடும் என்பது தெரியாததால் வருவதுதான்.

நம் வட்டாரத்தில் லினக்ஸ் என்றால், அதன் பல வகைகளுள் பெரும்பாலும் டெபியன் குடும்பம்தான். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை. கல்லூரிக் கூடங்களிலும், திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களின் சிறு சர்வர்களிலும் காணக்கிடைக்கும் உபுண்டுவும், 2004 அக்டோபரில் முதல் பதிப்பு வெளிவந்த நாள் முதல் டெபியன் வழி வந்ததே. டெபியன் திட்டத்தை இயன் மர்டாக் 1993-இல் தொடங்கினார். அடுத்த ஆண்டே டிபிகேஜி என்ற கருவி உருப்பெற்றது. ஒரு பொதியை, அதாவது நிறுவத் தக்கபடி கட்டிய மென்பொருள் மூட்டையை, பிரித்து வைப்பதையும் பதிவு செய்வதையும் எடுப்பதையும் அதுவே செய்கிறது. ஆனால் அந்தப் பொதிக்குத் துணையாக வேறு எவை வேண்டும் என்று தேடிக் கொண்டுவர அதற்குத் தெரியாது. அந்த வேலையை ஏற்றுக்கொண்ட ஆப்ட், 1999-இல் டெபியன் 2.1 பதிப்போடு பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. ரெட்ஹேட் பக்கம் 1995-இல் வந்த ஆர்பிஎம்மும், பின்னாளில் அதன் மேல் அமர்ந்த யம், டிஎன்எஃப் ஆகியவையும் இதே இரண்டடுக்கு அமைப்பைக் கொண்டவை. இக்கட்டுரை டெபியன் வழியைச் சார்ந்தே செல்கிறது.

டெப் என்ற பின்னொட்டுடன் வரும் பொதி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்றே உருப்படிகள் இருக்கும். முதலாவது, பொதியின் வடிவ எண்ணைச் சொல்லும் சிறு கோப்பு. இரண்டாவது, பெயர், பதிப்பு, சார்ந்திருக்கும் பிற பொதிகள் முதலான விவரங்களை அடக்கிய கட்டுப்பாட்டுத் தொகுப்பு. மூன்றாவது, கணினியில் போய் அமரவேண்டிய கோப்புகள். இரண்டாவது உருப்படிக்குள், நிறுவுவதற்கு முன்னும் பின்னும், நீக்குவதற்கு முன்னும் பின்னும் இயங்கவேண்டிய நான்கு சிறு நிரல்கள் இருக்கக்கூடும். புதிய பயனர் கணக்கை உருவாக்குவது, சேவையைத் தொடங்கிவைப்பது போன்ற வேலைகளை அவை செய்கின்றன. கோப்புகளை மட்டும் பார்ப்பவர் இந்த நிரல்களை மறந்துவிடுகிறார். நிறுவலின்போது இயங்கும் நிரல் ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, நீக்கலின்போது இயங்கும் நிரல் அதை அழிக்காமல் விட்டால், மென்பொருள் போன பிறகும் அந்தக் கணக்கு கணினியில் இருந்துகொண்டே இருக்கும். பல பொதிகள் அப்படித்தான் விடுகின்றன. அந்தப் பயனருக்குச் சொந்தமான கோப்புகள் எங்காவது மிஞ்சியிருந்தால், பின்னர் வேறொருவருக்கு அதே எண் கிடைத்து அவை கைமாறிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதற்குக் காரணம்.

வார் என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) லிப், அதற்குள் டிபிகேஜி என்று சென்றால் ஸ்டேட்டஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அதுதான் பதிவேடு. யாரும் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு அது. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பத்தி. அதில் அதன் பெயர், பதிப்பு, சார்புகள், தற்போதைய நிலை. பக்கத்திலேயே இன்ஃபோ என்ற அடைவில், ஒவ்வொரு பொதியும் கணினியில் எந்தெந்தக் கோப்புகளை வைத்தது என்ற பட்டியல் தனித்தனியே கிடக்கிறது. திருப்பூரில் நூல் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: முன்வாசல் வழியாக வந்த மூட்டைக்கு இருப்பேட்டில் வரி இருக்கும், எந்த லாட், எந்த அடுக்கு என்று சொல்லிவிடலாம்; பின்வாசல் வழியாக உள்ளே போன மூட்டையைப் பற்றி ஏட்டைக் கேட்டுப் பயனில்லை, அது கண்ணெதிரே கிடந்தாலும் ஏட்டின்படி அது இல்லை. ஒரு கோப்பைக் காட்டி ‘இது எந்தப் பொதியைச் சேர்ந்தது’ என்று கேட்க டிபிகேஜியில் பெரிய எஸ் என்ற குறி இருக்கிறது. பொதியைச் சொல்லி அதன் கோப்புகளைக் கேட்கப் பெரிய எல். நீக்கத்தில் இறங்குமுன் இவ்விரண்டையும் கேட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் குறைவு. இருந்தால் பாதித் தொல்லை வராது.

நிறுவலின் போக்கை ஓரளவு அறிந்தால்தான் நீக்கலின் இயல்பு புரியும். ‘ஆப்ட் அப்டேட்’ என்ற கட்டளை எந்த மென்பொருளையும் புதுப்பிப்பதில்லை. பொதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தில் இப்போது என்னென்ன பதிப்புகள் உள்ளன என்ற பட்டியலை மட்டுமே கொண்டுவந்து வைக்கிறது. அந்தப் பட்டியலின் நம்பகத்தன்மை ஒரு சங்கிலியாகக் காக்கப்படுகிறது. களஞ்சியத்தின் தலைமைக் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். அந்தக் கோப்பு பொதிப் பட்டியலின் சரிபார்ப்பு எண்ணைச் சொல்லும். பொதிப் பட்டியல் ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்பு எண்ணையும் சொல்லும். ஆகவே இடையில் உள்ள நகல் சர்வர் ஒன்றில் யாராவது ஒரு பொதியை மாற்றி வைத்தாலும் ஆப்ட் அதை ஏற்காது. ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்றதும் அது சார்புகளைக் கணக்கிட்டு, பொதிகளை இறக்கி, சரிபார்த்து, டிபிகேஜியிடம் ஒப்படைக்கிறது. டிபிகேஜி அவற்றை முதலில் பிரித்து வைக்கிறது. பிறகே ஒவ்வொன்றையும் இயங்கும் நிலைக்கு அமைக்கிறது.

இந்த இரண்டு படிகளுக்கும் நடுவே மின்சாரம் போவது நம் ஊர்களில் அரிதான நிகழ்வன்று. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை வரை மின்தடை என்று துணைமின்நிலையம் வாரியாக நாளிதழில் அறிவிப்பு வரும். அதைப் படிக்காமல் மேம்படுத்தலைத் தொடங்கியவரின் யுபிஎஸ் பாதி வழியில் கைவிட்டுவிடும். இதை எதிர்பார்த்தே டிபிகேஜி, புதிய கோப்பை நேரே பழைய கோப்பின் மீது எழுதாமல், தனிப் பின்னொட்டுடன் பக்கத்தில் எழுதிவிட்டுப் பின்னர் பெயரை மாற்றுகிறது. பதிவேட்டிலும் அந்தப் பொதி பிரிக்கப்பட்டதா, பாதி அமைக்கப்பட்டதா என்ற நிலை குறிக்கப்பட்டிருக்கும். மறுபடி கணினியை எழுப்பி ஆப்டை அழைத்தால், வேலை இடையில் நின்றுபோனதாகச் சொல்லி, டிபிகேஜி கட்டளையைக் கான்ஃபிகர் என்ற தெரிவுடனும் ஏ என்ற குறியுடனும் இயக்கச் சொல்லும். அதன்படி செய்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்து முடிந்துவிடும்.

இதோடு ஒட்டிய தவறான வைத்தியம் ஒன்றும் நீண்ட காலமாகப் பரவி வருகிறது. ஒரே நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே பதிவேட்டில் எழுத வகைசெய்யும் பூட்டு வேறொரு நிரலிடம் இருக்கிறது என்று ஆப்ட் சொன்னால், லாக் என்று பெயர்கொண்ட கோப்பை அழித்துவிடும்படி பலர் அறிவுரை சொல்கிறார்கள். கோப்பு இருப்பதே பூட்டு அன்று. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் அந்தக் கோப்பின் மீது, இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் பெற்றிருக்கும் உரிமைதான் பூட்டு. அந்த நிரல் முடிந்தாலோ மின்சாரம் போனாலோ பூட்டும் தானே விலகிவிடும். ஆகவே பூட்டு இன்னும் இருக்கிறது என்றால், பின்னணியில் ஏதோ ஒரு நிரல் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். உபுண்டுவில் அது பெரும்பாலும் தானியங்கிப் பாதுகாப்பு மேம்படுத்தலாக இருக்கும். கோப்பை அழிப்பவர், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவேட்டில் எழுதுவதற்கு வழிசெய்து கொடுக்கிறார். காத்திருப்பதைவிட நல்ல மருந்து இதற்கு இல்லை.

இனி நீக்கம். ‘ஆப்ட் ரிமூவ்’ பொதியின் நிரல்களையும் நூலகங்களையும் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணை நிரல்கள்) ஆவணங்களையும் எடுத்துவிடும். ஈடிசி அடைவில் உள்ள அமைப்புக் கோப்புகளைத் தொடாது. ஏனென்றால் அவற்றில் நிர்வாகி தம் கையால் செய்த மாற்றங்கள் இருக்கக்கூடும். நாளை மறுபடி நிறுவினால் அதே அமைப்போடு வேலை தொடரவேண்டும். அப்படி விட்டுவைத்த பொதியைப் பதிவேடு மறப்பதும் இல்லை: டிபிகேஜி தரும் பட்டியலில், நிறுவப்பட்ட பொதிகளின் முன் இரண்டு ஐ எழுத்துகள் நிற்க, இவற்றின் முன் ஆர், சி என்ற எழுத்துகள் நிற்கும். நீக்கக் கேட்டார்கள், அமைப்புக் கோப்புகள் மட்டும் மீதம் என்பது அதன் பொருள். ‘ஆப்ட் பர்ஜ்’ அந்த மீதத்தையும் துடைக்கும். ஆனால் பர்ஜ் கூடப் பயனரின் வீட்டு அடைவுக்குள் நுழைவதில்லை. ஒரு மென்பொருள் உங்கள் பெயரிலுள்ள அடைவில், புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புறைகளில் சேர்த்து வைத்த விருப்பங்களும் தற்காலிகக் கோப்புகளும் அந்த மென்பொருள் போன பின்னும் அங்கேயே கிடக்கும். அவற்றைப் பொதி கொண்டுவரவில்லை. பிற்பாடு நிரல் எழுதியவை. பதிவேட்டில் அவை ஏறவே இல்லை.

இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை ஓர் எடுத்துக்காட்டில் அருகே வைத்துப் பார்ப்பது நல்லது. உபுண்டு 22.04 ஓடும் ஒரு சர்வரில் நிறுவனத்தின் பில் கணக்குகளுக்காகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய கணினிக்குத் தரவை மாற்றிய பின், பழையதிலிருந்து அதை எடுக்கச் சொல்லி ஒரு பயிற்சியாளரிடம் வேலை ஒப்படைக்கப்படுகிறது. அவர் ‘சூடோ ஆப்ட் ரிமூவ் போஸ்ட்கிரெஸ்கியூஎல்’ என்று அடிக்கிறார். நொடிப்பொழுதில் வேலை முடிகிறது. பிறகு பார்த்தால் 5432 என்ற போர்ட்டில் தரவுத்தளம் வழக்கம்போல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. “சார், எடுத்து உட்டுட்டனுங்க, ஆனா இன்னும் ஓடுதுங்களே” என்று அவர் வந்து நிற்பார். அவர் எடுத்தது ஒரு வெற்றுப் பொதி. அந்தப் பெயரில் உள்ள பொதிக்குள் சர்வர் நிரல் ஏதும் இல்லை. ‘தற்போதைய பதிப்பான 14-ஐக் கொண்டுவா’ என்று சார்பின் வழியாகச் சொல்வது மட்டுமே அதன் வேலை. உண்மையான சர்வர், பெயரோடு பதிப்பு எண் ஒட்டிய வேறொரு பொதியில் இருக்கிறது.

பொது விதியின்படி, மேலே உள்ள வெற்றுப் பொதி போய்விட்டால் அதன் பொருட்டு வந்த சர்வர் பொதி யாருக்கும் தேவைப்படாததாகக் கருதப்படும். அடுத்து யாரேனும் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளையை இயக்கினால் அதுவும் போய்விடும். தரவுத்தளத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று பொதியை உருவாக்கியவர்களுக்குத் தெரியும்: இயங்குதளம் புதிய பதிப்புக்கு மாறும்போது வெற்றுப் பொதி 14-ஐ விட்டு 16-ஐக் காட்டத் தொடங்கும், தரவோ 14-இன் வடிவத்திலேயே இருக்கும், அந்த வேளையில் 14-ஐத் தானாக எடுத்துவிட்டால் தரவைத் திறக்க நிரல் இருக்காது. ஆகவே போஸ்ட்கிரெஸின் பொதுப் பொதி, தன் குடும்பத்துப் பொதிகளைத் தானாக நீக்கக் கூடாது என்ற கட்டளையை ஆப்டின் அமைப்பு அடைவிலேயே வைத்துவிடுகிறது. எண் ஒட்டிய சர்வர் பொதியைப் பர்ஜ் செய்யும்போதும் தரவு அடைவுகளை அழிக்கலாமா என்று தனியே ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. மைஎஸ்கியூஎல், மரியாடிபி பொதிகளிலும் அத்தகைய கேள்வி உண்டு. அந்தக் கேள்விக்கு அவசரத்தில் ஆம் என்றவர்க்கு முந்தைய நாளின் காப்பு நகலைத் தவிர வேறு புகலிடம் இல்லை.

ஆட்டோரிமூவ் எதை வைத்து முடிவெடுக்கிறது? நிர்வாகி பெயர் சொல்லிக் கேட்ட பொதிகள் ஒரு வகை. அவற்றின் பொருட்டுத் துணையாக வந்தவை மற்றொரு வகை. இரண்டாவது வகைக்கு ‘தானாக வந்தது’ என்ற குறியை ஆப்ட் தனிக் கோப்பொன்றில் இட்டு வைக்கிறது. தானாக வந்த பொதியை வேறு எதுவும் சார்ந்திராதபோது அது நீக்கத்துக்கு உரியதாகிறது. பழைய கர்னல்கள் நிறைந்து, கணினியைத் தொடக்கும் கோப்புகள் உள்ள பூட் என்ற வட்டுப் பகுதி திணறும்போது இந்தக் கட்டளை உண்மையிலேயே உதவுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை அது தொடாது. ஆனால் யாருக்கும் தேவையில்லை என்பது பதிவேட்டின் பார்வையில்தான். நீங்களே எழுதிய ஒரு சிறு நிரல் அந்த நூலகத்தை நம்பியிருக்கலாம். அது ஆப்டுக்குத் தெரியாது. அத்தகைய பொதியை ‘ஆப்ட்-மார்க் மேனுவல்’ என்று பெயரோடு குறித்துவிட்டால் போதும், அதன்பின் ஆட்டோரிமூவ் அதை ஏறெடுத்தும் பார்க்காது.

சார்பின் மறுபக்கம் இன்னும் கூர்மையானது. ஒரு பொதியை நீக்கினால், அதைச் சார்ந்தவை அனைத்தும் சேர்ந்தே போகும். பைத்தான் நிரல்மொழியின் புதிய பதிப்பு வேண்டும் என்பதற்காக, இருக்கும் பைத்தான் 3-ஐ எடுத்துவிட முனையும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். உபுண்டுவின் திரைத்தோற்றப் பொதிகள் பல அதைச் சார்ந்தவை. ஆகவே ஆப்ட் நீண்ட பட்டியல் ஒன்றைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கிறது. அந்தக் கேள்வியில் ஆம் என்பதே இயல்பு விடை. என்டர் விசையைத் தட்டினாலே போதும். மறுமுறை கணினியைத் தொடங்கினால் கறுப்புத் திரையும் எழுத்துகளுமே மிஞ்சும். நிறுவும் கட்டளையும் இதே அழிவைச் செய்யக்கூடும், ஏனெனில் இரண்டு பொதிகள் ஒத்துப்போகாதபோது ஒன்றை வைக்க மற்றொன்றை எடுக்க ஆப்ட் முன்வரும். 2021 நவம்பரில் லைனஸ் செபாஸ்டியன் என்ற யூடியூபர், பாப் ஓஎஸ் இயங்குதளத்தில் ஸ்டீம் மென்பொருளை நிறுவப் போய், அப்போது களஞ்சியத்தில் இருந்த ஒரு கோளாறால் முழுத் திரைத்தோற்றத்தையும் இழந்தார். நான் சொல்வதைச் செய் என்ற பொருள்படும் ஆங்கில வாக்கியம் முழுவதையும் அடித்தால்தான் முன்னேற முடியும் என்ற தடை அங்கே இருந்தது. அவர் அதையும் அடித்தார். எச்சரிக்கை எவ்வளவு நீளமாக இருந்தாலும், நிறுவல் கட்டளை அழிக்கும் என்று எதிர்பார்க்காதவர் கண்ணில் அது படுவதில்லை. இந்நிகழ்வுக்குப் பின் ஆப்ட் அந்த வழியை மேலும் கடினமாக்கியது.

பதிவேட்டுக்கு வெளியே நிறுவப்படுபவற்றின் கதை தனி. மூல நிரலை இறக்கித் தொகுத்து ‘மேக் இன்ஸ்டால்’ என்று முடிப்பவை பெரும்பாலும் யுஎஸ்ஆர் அடைவுக்குள் லோக்கல் என்ற பகுதியில் போய் அமரும். டிபிகேஜிக்கு அவை இல்லாதவையே. அவற்றை எடுக்க, அந்த மூல நிரல் அடைவு இன்னும் இருந்து, அதை எழுதியவர் நீக்கும் வழியையும் எழுதியிருந்தால் ‘மேக் அன்இன்ஸ்டால்’ கைகொடுக்கும். இல்லையேல் கோப்பு கோப்பாகத் தேடவேண்டியதுதான். இணையத்திலிருந்து ஒரு நிரலை இறக்கி அதே வரியில் ரூட் என்ற முழு நிர்வாக உரிமையோடு இயக்கச் சொல்லும் நிறுவல் முறைகளும் இவ்வகையே. எனக்கு அவற்றின்மீது எப்போதும் ஐயம் உண்டு, எதை எங்கே வைத்தன என்பதற்கு எந்தச் சாட்சியும் விடுவதில்லை என்பதால். பைத்தானின் நூலகங்களை நிறுவும் பிப் கருவி, இன்னொரு வகையில் சிக்கல் தந்தது: இயங்குதளம் நம்பியிருக்கும் நூலகங்களின் மீதே அது வேறு பதிப்புகளை வைத்தது. 2023-இல் வெளிவந்த டெபியன் 12-உம் உபுண்டு 23.04-உம், இயங்குதளத்தின் பைத்தானில் பிப் நேரடியாக எழுதுவதை மறுத்துவிடுகின்றன. தனி மெய்நிகர் சூழலை உருவாக்கிக்கொள்ளச் சொல்கின்றன. பலர் இதைத் தொல்லை என்று சலித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சூழல் ஓர் அடைவு மட்டுமே. வேண்டாம் என்றால் அடைவை அழித்தால் முடிந்தது. நீக்கத்தில் இவ்வளவு தூய்மையான முறை வேறு இல்லை.

உபுண்டுவின் மற்றொரு நிறுவல் முறையான ஸ்னாப் தனக்கென்று ஒரு பதிவேட்டை வைத்துக்கொள்கிறது. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸை ஆப்ட் வழியாகக் கேட்டாலும் வருவது ஸ்னாப்தான் என்பதால், ஒரே கணினியில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஸ்னாப் பொதியை நீக்கும்போது அதன் தரவின் நகல் ஒன்று இயல்பாக 31 நாட்கள் வரை வைக்கப்படுகிறது; வட்டில் இடம் விடுபடவில்லையே என்று தேடுபவர்கள் அங்கே பார்க்கலாம். நகலே வேண்டாம் என்றால் நீக்கும்போதே பர்ஜ் என்ற தெரிவைச் சேர்க்கவேண்டும்.

இவ்வளவையும் அறிந்தவர், ஆப்ட் கட்டளையோடு ஒற்றைக் குறுங்கோட்டுடன் சிறிய எஸ் குறியைச் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். அது எதையும் மாற்றாது. என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். அதில் படிக்கவேண்டியது நீக்கப்படும் பொதிகளின் பட்டியல். ஒரு சிறு கருவியை எடுக்க முனையும்போது அந்தப் பட்டியலில் நாற்பது பெயர்கள் தெரிந்தால், அங்கேயே நிற்கவேண்டும்.

நின்றிருக்கவேண்டிய இடத்தில் நிற்காமல் போனாலும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. வார் அடைவின் லாக் பகுதியில் ஆப்ட் என்ற அடைவுக்குள் ஹிஸ்டரி என்ற பதிவு இருக்கிறது. எந்த நேரத்தில், எந்தக் கட்டளையால், எந்தப் பயனரின் வேண்டுகோளால், எந்தெந்தப் பொதிகள் எந்தப் பதிப்பில் வந்தன, போயின என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். பலர் ஒரே கணினியைப் பயன்படுத்தும் கல்லூரிக் கூடத்தில், யார் கை பட்டது என்ற விசாரணைக்கும் இதுவே விடை சொல்லும். டிஎன்எஃப் இத்தகைய வரலாற்றிலிருந்து ஒரு நடவடிக்கையை அப்படியே திருப்பும் கட்டளையையும் தருகிறது. ஆப்டில், நீக்கப்பட்ட பெயர்களை அந்தப் பதிவிலிருந்து எடுத்து மறுபடி நிறுவும் கட்டளைக்குக் கொடுப்பதே நெடுநாளாக உள்ள வழக்கம். அப்படிச் செய்யும்போது, முன்பு தானாக வந்த நூலகங்களும் இப்போது பெயர் சொல்லிக் கேட்டவையாகப் பதிவாகிவிடும். ஆட்டோரிமூவ் இனி அவற்றைக் கண்டுகொள்ளாது. அவற்றுக்கு மட்டும் ‘ஆப்ட்-மார்க் ஆட்டோ’ என்று குறியை மீண்டும் இட்டுவிட்டால், கணக்கு முன்பிருந்த நிலைக்கு வந்துவிடும்.